நடைக் கங்காணி பொறுக்கிய குட்டி

யாருடைய முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் எழுபது வயது வரை வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் நடைக் கங்காணிதான். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரும் ஆட்களை நடையைப் பார்த்தே பதிந்தவர். ஓய்வு பெற்றுப் பதுளையில் எங்கள் தெருவுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "தம்பி, வாசல் வரைக்கும் ஒருக்கா நடந்து காட்டுங்க" என்று கேட்டு, அந்தச் சம்பந்தத்தையே கலைத்துவிட்டார். அவருடைய வலது கால் மட்டும், மலையில் விழுந்ததிலிருந்து இழுக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அல்சேஷன் வருடா வருடம் பதுளை நாய்க் கண்காட்சியில் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒரு நாய் வளர்த்து அதை ஜெயிக்கிறேன் என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

குட்டி பார்க்கக் கங்காணியையும் பண்டாரவளையில் அல்சேஷன் வளர்க்கும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இருந்த ஐந்தில் கம்பீரமான முகமுள்ளதை நான் தூக்கினேன்.

"மூஞ்சி போட்டாவுக்கு ஆகுங்க. கீழ விடுங்க, நடக்கட்டும்."

சிமெந்துத் தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவி, ஒவ்வொன்றையும் ஓடவிட்டார். பிறகு குப்புறப் படுத்துச் சுவடுகளைப் பார்த்தார். என் அழகனின் பின்கால்கள் கோணல்மாணலாக விழுந்திருந்தன. யாரும் சீண்டாத ஒரு கறுத்த பெட்டைக் குட்டிக்கு மட்டும், முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலும் பதிந்திருந்தது.

"இதுதாங்க. முதுகுல பிளேன்டீ வச்சாலும் சிந்தாது. இது தோத்துச்சுன்னா, இனி எந்த நடையையும் நான் பாக்க மாட்டேன்."

நடையைப் பார்க்காமல் அந்த மனிதர் எப்படி உயிர் வாழ்வார்?

இரண்டு வருடம் கழித்துக் கண்காட்சி. கறுப்பியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய நான், அன்று காலை வீட்டுப் படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன்.

"நீங்க படி எறங்குற விதத்துக்கு இது எப்பவோ நடந்திருக்கணுங்க" என்று கங்காணி கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பெரிய கிளாக்கர் என் காதோரம் குனிந்தார். "உந்தக் காலோட இவர் எப்பிடி ஓடப்போறார்?"

ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கால் பறக்க, ஒரு கால் இழுபட, மைதானத்தைச் சுற்றி ஓடினார். பக்கத்தில் கறுப்பி நூல் பிடித்த மாதிரி போனாள். கிளாக்கரின் நாய்க்கு நின்றால் ராஜகளை. ஓடவிட்டதும் அதன் முன்கால் முட்டிகள் இரண்டும் வெளியே தள்ளின. நடுவர் இன்னொரு சுற்று ஓடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கறுப்பியைக் கை காட்டினார். முதலில் கை தட்டியவர் பெரிய கிளாக்கர்தான்.

கங்காணி கோப்பையை வாங்கவில்லை. நடுவரின் கால்களையே பார்த்துக்கொண்டு, "ஐயாவுக்கு முட்டி நோவு இருக்குங்களா?" என்று கேட்டார்.

இப்போது அவர் லுணுகலையில் மகனோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார். வாசலில் அந்த இழுத்து வைக்கும் காலடி கேட்டதும், கறுப்பியும் நானும் ஒன்றாக எழுந்துவிடுவோம். எந்த நடுவரும் அந்த நடைக்குப் பரிசு தரமாட்டார். எங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல நடை தெரியாது.