மாப்பிள்ளையின் வலது கைக்கு ஒரு மடக்குக்கத்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். என் இடது முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை மட்டும் போதாது என்ற நிலைக்கு வந்துவிட்டதால், இதைப் படித்து முடித்ததும் உங்கள் விரல்களை ஒருமுறை எண்ணி, எண்ணிக்கையை மறுதபாலில் தெரிவிக்கவும். சிரிக்க வேண்டாம். நான் வேடிக்கைக்காகத் தபால்தலை ஒட்டுகிறவள் அல்ல.

வரும் மாதத்தோடு உங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருஷம். இதுவரை உங்களுக்கென்று நான் ஒரு கைக்குட்டை கூட வாங்கித் தந்ததில்லை. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன், அவள் உங்களைப் பிடித்துக்கொண்டாள். போகட்டும், பழைய கதை. போன மாதம் அவள் தொலைபேசியில், "காய் நறுக்கற கத்தியைத் தேடினா அது வயல்ல கிடக்கும்மா. கயிறு அறுக்க, சாக்கு பிரிக்க, தண்ணிக் குழாய் வெட்ட, எல்லாத்துக்கும் அவருக்கு என் கத்திதான் வேணும்" என்று புலம்பினாள். ஒரு நல்ல மடக்குக்கத்தி வாங்கித் தந்து பழைய கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதமாட்டேன். கத்தி என்று எழுதியிருக்கிறேன், நீங்களே புரிந்துகொள்ளவும்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான்கு பேச்சுக்கு ஒரு பேச்சுப் பேசுபவர். யாருக்கு என்று கேட்டார். விவசாயிக்கு என்றேன். "கை எங்கே?" என்றார். எந்தக் கை என்றேன். "பிடிக்கற கைம்மா. அளவு பார்க்காம நான் கத்தி கொடுக்கறதில்லை. ஈரக் கையில நழுவினா யார் பதில் சொல்றது? காகிதத்துல கையை வெச்சு, சுத்திப் பென்சில் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்க." நியாயமாகத்தான் பட்டது. அன்றே உங்களுக்கு எழுதினேன். ஐந்தாம் நாள் உறை வந்தது. உள்ளே ஒரு காகிதம், அதில் ஒரு வலது கை. நலமா என்று ஒரு வரி இல்லை, கையொப்பம் இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம், மாப்பிள்ளை. கையில் நான்கு விரல்தான் இருந்தது.

கட்டைவிரல் இருந்தது. அதை அடுத்து ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். கான்வென்ட்டில் எங்கள் டிராயிங் சிஸ்டர் ஐந்து விரலை ஒழுங்காக வரையாதவளைச் சாப்பிட விடமாட்டார். நானும் விடவில்லை. பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, கையை விரித்து வைத்து, கவனமாக மறுபடி வரைந்து அனுப்பவும் என்று எழுதினேன். இரண்டாவது உறை வந்தது. அதே கை, அதே மேடு. மடிப்பில் ஈர மண் ஒட்டியிருந்தது. நாள்கணக்கில் தபாலில் கிடந்த மண் எப்படி ஈரமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும், எனக்குத் தெரியவில்லை. ஒரு காகிதத்தின் மேல் மற்றொன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு மயிரிழை விலகவில்லை. எந்த மனிதனும் ஒரே கையை இரண்டு முறை அப்படி வரைய முடியாது, மாப்பிள்ளை. நான் முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள்.

மாடி வீட்டு நர்ஸம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவள், "இது தையல் போட்டு ஆறின விரல் மாதிரி இருக்கேக்கா" என்றாள். "மாதிரி கீதிரி எல்லாம் வேண்டாம், வரையத் தெரியாதவர், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து உங்கள் கல்யாணப் படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. இடையில் ஏதாவது நடந்திருந்தால் என் மகள் என்னிடம் சொல்லாமல் இருப்பாளா? இருக்கமாட்டாள். அப்படியானால் இது இனி நடக்கப்போவது. வேறு கணக்கு எனக்கு வரவில்லை.

நேற்று மத்தியானம் இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் முதல் காகிதத்தை மேஜையில் விரித்து, வரைந்த உள்ளங்கை மேல் ஒரு கத்தியை வைத்தார். உருண்டு விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. நடுவில் பள்ளம் விழுந்த கட்டைக் கைப்பிடி போட்ட ஒன்றை வைத்தார். அது நின்றது. நின்றதோடு விடவில்லை, காகிதம் நான்கு விரல் பக்கத்திலிருந்தும் மெல்லச் சுருண்டு வந்து கத்தியைப் பிடித்துக்கொண்டது. "ஃபேன் காத்து" என்றேன். "ஃபேன் ஓடலைம்மா" என்றார். நாங்கள் இருவரும் சற்று நேரம் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, "என் மாப்பிள்ளைக்கு அஞ்சு விரலும் இருக்கு. அஞ்சு விரலுக்கு ஏத்ததைக் கொடுங்க" என்றேன். "காகிதம் அப்படிச் சொல்லலியேம்மா" என்று அந்தக் கத்தியையே பொட்டலம் கட்டிவிட்டார். கட்டுமுன் காகிதத்தைக் கத்தியிலிருந்து பிரிக்கப் பார்த்தார், அது விடவில்லை. சேர்த்துத்தான் கட்டினார்.

ஆகவே சொல்கிறேன். திங்கட்கிழமை அறுவடை ஆரம்பம் என்றும் தீவனம் வெட்டும் இயந்திரத்தை நீங்களே ஓட்டுவதாகவும் என் மகள் சொன்னாள். ஓட்டக் கூடாது. அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. தீவனம் இல்லாவிட்டால் மாடு கத்தும், கத்தட்டும். என் மகளை ஊட்டிவிட வைக்கிற நிலைமைக்கு வந்துவிடாதீர்கள். உங்களைப் பிடிக்காத காலத்தில்கூட உங்கள் கை போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

உங்களுக்கும் என் மகளுக்கும் தலை முதல் விரல் நுனிவரை ஒன்றும் குறையாத ஆயுள் வேண்டி,

உங்கள் அத்தை.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரை விடாதே என்றேன். "அம்மா, அந்த விரல் போய் ஆறு வருஷம் ஆச்சு. அப்பா ஆஸ்பத்திரியில இருந்த வாரம். அப்ப உன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் நீயே பார்த்துக் கேப்பேன்னு இருந்தோம். நீ கேக்கவே இல்லை" என்றாள்.

ஆறு வருஷமாக என் எதிரில் நீங்கள் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன்.

படம் வரையத் தெரியாதவர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "எந்தப் படம்? நீ கேட்டு எழுதின ரெண்டு லெட்டரையும் அவர் மடிச்சு டிரங்குப் பெட்டியில வெச்சிட்டாரும்மா. இந்தக் கையை எப்படி அத்தைக்கு அனுப்பறதுன்னு. நாங்க எதுவுமே அனுப்பலையே" என்றாள்.

இரண்டாவது காகிதம் இப்போது என் எதிரில் இருக்கிறது. அதன் மேல் அகராதியை வைத்திருக்கிறேன். யார் அனுப்பியது என்று நான் விசாரிக்கப்போவதில்லை.

மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இயந்திரத்தை ஓட்டுங்கள், மாடுகள் பட்டினி கிடக்க வேண்டாம். இந்தக் கடிதம் வந்து சேர்ந்த மறுநாள் காலை பஸ்ஸில் நானே வருகிறேன். கத்தியை என் கையாலேயே தருவேன். நீங்கள் வலது கையை நீட்டித்தான் வாங்க வேண்டும்.