எருமைக்கடனும் ஐநூறு ரூபாயும்

ஒருவர் பேரைக் கெடுக்க எதிரி வேண்டியதில்லை. அதே பேரில் இன்னொருவர் இருந்தால் போதும்.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். பாலவனத்தத்தில் பெண் பார்த்து, பேச்சு முடிகிற நேரம் தரகர் வந்தார்.

"வேண்டாம்ங்குறாக தம்பி. எருமை லோனைக் கட்டாதவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்குறதுன்னு கேக்குறாக."

"எருமையா?" (பாலே பாக்கெட்டில்தான் வாங்குவேன்.)

பெண்ணின் அப்பா என்னைப் பற்றி பேங்கில் விசாரித்திருக்கிறார். மல்லாங்கிணறு மு.சுப்பையா வாங்கிய எருமைக்கடனை, மு.சுப்பையாவாகிய என் கணக்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். நேரில் சொன்னேன், எழுதிக் கொடுத்தேன். "பேரு சரியாத்தானே இருக்கு" என்றார் மேனேஜர்.

நுகர்வோர் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம் என்று யாரோ சொன்னார்கள். நானே மனு எழுதினேன். சேவைக் குறைபாடு, தவறான தகவல், மன உளைச்சல் எல்லாம் போட்டேன். கல்யாணம் நின்றதற்கு நஷ்டஈடு எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை. பேராசைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று ஐநூறு ரூபாய் போட்டேன். சாட்சி, பெண்ணின் அப்பா. (இந்த யோசனையும் என்னுடையதே.)

விசாரணையில் அவர் நடந்ததை அப்படியே சொன்னார். நாலாயிரம் ரூபாய் எருமைக்கடன் வேறு சுப்பையாவுடையது என்று பேங்க் அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று சட்டைக் காலரைச் சரிசெய்தேன். நீதிபதி மனுவை வாசித்தார்: "பெண் கிடைக்காமல் போனதற்கு நஷ்டஈடு, ரூபாய் ஐநூறு."

கூண்டைவிட்டு இறங்கப்போன சாட்சி நின்றார்.

"ஐயா, எருமைக்கே நாலாயிரம்ங்குறாக. எம்மகளுக்கு ஐநூறா?"

"அது தோராயமாப் போட்டதுங்க மாமா!" என்று கத்தினேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்றமே சிரித்து ஓய்ந்த பிறகு, கணக்கைத் திருத்தவும், திருத்தியதைப் பெண் வீட்டாருக்குக் கடிதமாகத் தெரிவிக்கவும், ஐநூறைக் கொடுக்கவும் உத்தரவானது. கேட்டதற்கு மேல் தருவதற்கில்லையாம்.

திரும்பும் பஸ்ஸில் பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பிறகு சொன்னார்: "அத்தனை பேருக்கு முன்னால மாமான்னு கூப்புட்டுட்டீக. இனி வேற எவன் வந்து கேப்பான்?"

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் ஜவுளிக்கடையில் எந்தச் சேலையை எடுத்துக் காட்டினாலும், என் மனைவி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் காதில் விழும்படியே சொல்கிறாள்:

"வேணாங்க. என்னைய விட வெல கூடவா இருக்கு."