எட்டாவது போல்ட்டும் குழைந்த சோறும்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாதே என்ற தைரியம்தான். அதோடு, இடுக்கு மெக்கானிக்கைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அது பெரிய அநியாயம்.

பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஓடிய எந்த வண்டியிலும், கடவுளே கையை விட்டாலும் சிக்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு போல்ட் இருந்தால், அதை அவர்தான் கழற்றியிருப்பார். கண்ணுக்குத் தெரிகிற போல்ட்டைத் தொடவே மாட்டார். "பளிச்சுனு தெரியறதை எவன் வேணாலும் கழட்டுவான். அதுக்கு நான் எதுக்குங்க?" என்பார். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைப் பிரித்துப் பார்த்து, ஒரே ஒரு போல்ட்டில் தோற்றுப்போய், அதற்கு மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். வாக்காளர் பட்டியலைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அவர் சட்டைக்கு வலது கை கிடையாது. இடுக்கில் கையை விடும்போது துணி மாட்டுகிறது என்று தோளோடு வெட்டிவிடுவார். தீபாவளிச் சட்டைக்கும் அதே கதிதான். தையற்காரரிடம் போய், "ஒரு கை மட்டும் வச்சுத் தைங்க, மிச்சத் துணியில கைக்குட்டை போடுங்க" என்பாராம்.

தோளில் ஒரு துணிப்பை. அதில் ஸ்பேனர்கள் கிடக்கும். ஒன்றாவது நேராக இருக்காது. உலையில் காய்ச்சி வளைத்தவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு போல்ட்டுக்கு. ஒன்றை எடுத்துக் காட்டி, "இது ஆளுங்கட்சி ஜீப்புக்கு வளைச்சது" என்றார். "எதிர்க்கட்சி ஜீப்புக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அதுவும் இதேதான். ரெண்டு ஜீப்புலயும் கோளாறு ஒரே இடத்துல."

எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதிராம்பட்டினம் மீன் ஒருநாள் ஏறும், பேராவூரணித் தேங்காய் ஒருநாள் ஏறும். மனுஷர் ஏறினால் இரண்டு வாசனையோடும் இறங்குவார்கள். அதில்தான் ஊரே தாலுகா ஆபீசுக்குப் போவதாக இருந்தது.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் பெயரைப் பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம். எங்கள் ஊரில் பதினோரு குடும்பம் பண்ணை நிலத்தைப் பயிர் செய்தது. "இவங்க குத்தகைக்காரங்களே இல்லை, கூலி ஆளுங்க" என்று பண்ணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அந்தப் பதினொன்றில் என் மாமனாரும் ஒருவர். பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் வேறு.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்த்து வேன் கத்த ஆரம்பித்தது. இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டு என்ற இரும்புக் குழாய்த்தொகுதியில் சந்தில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு எரிந்துவிட்டது. புகை முழுக்க வண்டிக்குள். அன்று ஏறிய மீன்கார அம்மா மயக்கம் போட்டு, எழுந்ததும் எங்களைத் திட்டிவிட்டு நடந்தே போய்விட்டார். அந்தக் குழாயைப் பிடித்திருப்பது எட்டு போல்ட். ஏழு போல்ட்டை என் வீட்டுக்காரரே கழற்றினார். எட்டாவது, இன்ஜினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவில், இருட்டில்.

விசாரணைக்கு முதல்நாள் காலை எட்டு மணிக்கு இடுக்கு வந்தார். துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"அண்ணே, நேரமாவுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு ஆவுது. அதுக்கு ஆவல."

பிறகு கையை விட்டார். முழங்கைக்கு மேலும் உள்ளே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். "யாரும் பேசாதீங்க. கை கேக்கணும்" என்றார். முதலில் கழற்றும் பக்கம் திருகவில்லை. இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருகினார். அப்புறம் இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். கோபித்துக்கொண்ட குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல. அந்த விரல்கள் உள்ளே எதைப் பார்த்தன என்று எனக்கு இன்றைக்கும் ஒரே ஆச்சரியம். மத்தியானம் போல்ட் முழுசாக வெளியே வந்தது.

கழற்றியதைவிட மாட்டுவதுதான் பெரும்பாடு. புது கேஸ்கெட் வைத்து ஏழும் ஏறிவிட்டன. எட்டாவதை விரலால் பிடித்து வைக்க அங்கே இடமில்லை. குழாய் ஸ்பேனரின் நுனியில் போல்ட்டை வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். கிரீஸ் தடவி விட்டார். வெயில் சூட்டில் கிரீஸ் இளகி, போல்ட் கீழே விழுந்தது. மறுபடி விட்டார், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தது கண்ணில் படவேயில்லை. வேறு போல்ட் வாங்கத் தஞ்சாவூர் போக வேண்டும். எங்கள் வாசலில் கூடியிருந்த பதினோரு குடும்பமும் புழுதியில் தவழ்ந்து தேடியது.

அந்தக் காட்சியைப் பார்க்கவென்றே வந்ததுபோல் பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன, மண்ணை இப்பவே அளக்குறீங்களா? நாளைக்கு நடந்தே போயிடுங்க. உடம்புக்கு நல்லது."

இடுக்கு படுத்தபடியே பதில் சொன்னார். "ஐயா, உங்க பண்ணை டிராக்டருலயும் ஒரு எட்டாவது போல்ட்டு இருக்குங்க. அது என்னைத்தான் கேக்கும்." காரியஸ்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டார். போல்ட் என் மாமனாரின் வேட்டி மடிப்பிலிருந்து கிடைத்தது.

இடுக்கு எழுந்து, பெண்கள் நின்ற பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னிக்கு யார் வீட்டுலம்மா சோறு குழைஞ்சு போச்சு?"

நெல் விளையும் ஊரில் பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

"எங்க வீட்டுல பூ மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

"எங்க வீட்டுச் சோத்தை எண்ணியே எடுக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"தாயிங்களா, குழைஞ்ச சோறுதான் சூட்டுல இறுகும். போல்ட்டை ஒட்டிக்கிட்டு நிக்கும். பூ மாதிரி சோத்தை வச்சு நான் பூசையா போடப் போறேன்?"

பெண்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். நிலம் போனாலும் போகட்டும், சோறு குழைந்தது என்று ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டில் குழைந்திருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது; ஐந்து மாதமும் குழைந்துதான் இருந்தது. அன்று மத்தியானம்தான் என் மாமியார், "வெளியில மூச்சு விடாதே, என் மானம் போயிடும்" என்று சொல்லியிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமனார் வேட்டியில் புழுதியைத் தட்டிக்கொண்டு, அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் தானாக அடுப்படிக்குப் போயிற்று.

பானையோடு நான் வெளியே வந்தபோது ஊரே பார்த்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. இடுக்கு ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கினார். அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது!

"ஆகா! இதுல்ல சோறு! எப்படிம்மா வடிச்சே? இப்பிடி ஒரு பதம் நான் பார்த்ததே இல்லையே!"

என் சமையலை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முன்னால் வந்துவிட்டார்.

"நான் சொல்லிக் கொடுத்ததுதான்."

இடுக்கு சோற்றைப் பிசைந்து ஸ்பேனர் வாயில் அடைத்து, போல்ட்டின் தலையை அதில் பதித்தார். வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி இறுக விட்டார். பிறகு கண்ணை மூடி, கையை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "புரி பிடிச்சிருச்சு" என்றார். போல்ட்டின் திருகு உள்ளே ஏறிவிட்டது.

பொழுது சாயுமுன் வேன் சத்தமில்லாமல் ஓடியது. லேசாகச் சோறு தீய்ந்த வாசனை மட்டும் வந்தது. "நாளைக்குப் போயிட்டு வந்து இன்ஜின் ஆறினதும் கூப்பிடுங்க. இன்னொரு தடவை முறுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் வேன் போய் வந்தது. பதினோரு பெயரும் பதிவாயின. சாயங்காலம் இடுக்கு வந்து எட்டாவது போல்ட்டை முறுக்கினார். முறுக்குவதற்குச் சோறு தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று வேண்டுமென்றே குழைய வடித்து வைத்திருந்தேன்.