முணுமுணுக்காத ஈவோ

“காபி நல்லா இருக்குடா,” என்றார் ஈவோ.

சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த ஜெரோலமோவின் கை அப்படியே நின்றது. துறைமுகத்தில் ஒரே இழுவைப் படகில் வேலை பார்த்த காலம் தொட்டு, இருவரும் ஓய்வு பெற்று, இருவர் மனைவியரும் போய்ச் சேர்ந்து, ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியுமாகக் குடியிருக்கும் இன்றுவரை, ஜெரோலமோ போட்ட காபியை ஈவோ புகழ்ந்தது கிடையாது. “கப்பல் கழுவின தண்ணி” என்பார். “இதைக் குடிச்சா எலிகூட ஊரைக் காலி பண்ணிடும்” என்பார். திட்டி முடித்து இன்னொரு கோப்பைக்குக் கையை நீட்டுவார்.

“என்ன சொன்னே?”

“நல்லா இருக்குன்னேன். மணமா இருக்கு.”

“பழைய தூள்டா அது.”

“அப்ப பழசுதான் நல்லது போலிருக்கு.” ஈவோ சன்னலுக்கு வெளியே பார்த்தார். “இன்னைக்கு உனக்கு என்ன வேலை? வாயேன், ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வரலாம்.”

ஜெரோலமோ சர்க்கரைக் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஜெனோவாவில் பிறந்தவன் ஜெனோவாவைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்கென்று வெள்ளைக் கப்பல்களில் அரைக்கால் சட்டையுடன் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரன் நடப்பான், ஏறுவான், இறங்குவான், மூச்சு வாங்குவான், முணுமுணுப்பான். முணுமுணுப்பு இங்கே கெட்ட பழக்கம் இல்லை, பிறப்புரிமை. அந்தக் காலத்தில் கப்பலுக்கு இரண்டு விதமாக ஆள் எடுப்பார்களாம். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் கூலி கூட. முணுமுணுத்துக்கொண்டு செய்தால் கூலி குறைவு. ஜெனோவாக்காரன் ஒருவன்கூடக் கூடுதல் கூலி வாங்கியதில்லை என்று சொல்வார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊர் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

ஆகவே இங்கே ஒருவன் திட்டிக்கொண்டு இருக்கிறான் என்றால், இருக்கிறான் என்று பொருள். பாராட்ட ஆரம்பித்துவிட்டால், ஒன்று சாகப்போகிறான், இல்லையென்றால் ஊரை விட்டுப் போகப்போகிறான். ஈவோவுக்கு முழங்காலைத் தவிர உடம்பு கல்லுப்போல இருந்தது. மிச்சம் இருந்தது இரண்டாவதுதான்.

ஈவோவுக்கு தொரினோவில் ஒரு மகள். ஜெரோலமோவுக்கு மிலானோவில் ஒரு மகன். இந்த ஊர்க் கிழவர்கள் எல்லோருக்குமே கடல் இல்லாத ஊரில் ஒரு பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் அது போன் போட்டு, “எங்களோட வந்துடுங்கப்பா” என்று நச்சரிக்கும். கிழவர்கள் “பார்க்கலாம்” என்று வைத்துவிடுவார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஈவோ ‘சரி’ என்று சொல்லித் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அடுத்தவன் வீடு பற்றி எரிந்தால்கூட, “புகை வர்ற மாதிரி இருக்கு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு நகர்கிற ஊர் இது. அதுவும் போக, கேட்டு, ஈவோ “ஆமா” என்றுவிட்டால்? ஜெரோலமோவுக்குக் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க இருந்த ஒரே காரணம் இந்தக் காபியும் இந்தத் திட்டும்தான். ஈவோ போய்விட்டால் அப்புறம் யாருக்காகப் பல் விளக்குவது?

எப்படியாவது இன்றைக்குள் ஈவோவை ஒரே ஒரு முறை முணுமுணுக்க வைத்துவிட வேண்டும். ஒரு திட்டு விழுந்தால் போதும், கூடவே ஊர்ப்பாசமும் வந்துவிடும் என்று ஜெரோலமோ கணக்குப் போட்டார்.

“போகலாமே,” என்றார்.

முதலில் மூலைக் கடைக்கு அழைத்துப் போனார். தெருவில் நல்ல ரொட்டிக் கடை இரண்டு இருக்க, முந்தின நாள் ஃபொக்காச்சா ரொட்டியைத் தட்டில் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துத்தான் போனார். ஒரு துண்டு வாங்கி, தான் தொடாமல் ஈவோவிடமே கொடுத்தார். கூடவே ஒரு தந்திரமும் செய்தார். ஜெனோவாக்காரனிடம் எதையாவது நல்லது என்று சொல்லிவிட்டால், அதில் பத்துக் குற்றம் கண்டுபிடிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

“என்ன மெத்துனு இருக்கு பார்த்தியா!” என்றார் ஜெரோலமோ.

ஈவோ கடித்தார். தாடை ஒரு முறை இடம் மாறித் திரும்பியது. அவர் ஜெரோலமோவின் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார்.

“பஞ்சு மாதிரி இருக்கு,” என்று மென்று விழுங்கினார். “இன்னொண்ணு வாங்கு.”

கடைக்காரன் திகைத்துப்போய், “உங்களுக்கு வேற ஏதாவது தரட்டுமா?” என்று தானாகவே கேட்டான்.

சரி, முழங்காலைப் பதம் பார்க்கலாம் என்று முடிவு செய்தார் ஜெரோலமோ. மேட்டுத் தெருவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற நகராட்சி லிஃப்ட் பழுதாகிக் கிடப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதன் வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனார்.

“அடடா, ஓடலையே! படியிலதான் ஏறணும். பரவாயில்லையா?”

லிஃப்ட் ஓடாத நாளில் ஈவோ பேசும் பேச்சுக்கு மாதா கோயில் மணியே காதைப் பொத்திக்கொள்ளும். மேயரில் ஆரம்பித்து, மேயரின் அப்பா வழியாக, லிஃப்ட்டைக் கண்டுபிடித்தவன்வரை போவார்.

“நல்லதாப் போச்சு,” என்றார் ஈவோ. “காலுக்குப் பயிற்சி. நம்ம ஊர் படிக்கட்டு மாதிரி வருமா?”

அவர் ஒவ்வொரு படியிலும் நொண்டிக்கொண்டே ஏறினார். பின்னால் ஏறிய ஜெரோலமோவுக்கு அந்தக் காலைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாய்விட்டு ‘அம்மா’ என்றாவது சொல்லேன்டா என்று மனதுக்குள் கெஞ்சினார். ஈவோ பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முனகினார்.

உச்சியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். கூரைகள், துறைமுகம், கலங்கரை விளக்கம் எல்லாம். அன்றைக்குப் பார்த்து மக்காயா. தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து, வானமும் கடலும் அழுக்குத் துணிபோல ஒன்றாகிவிடும் நாளுக்கு இங்கே அதுதான் பெயர். சட்டை முதுகில் ஒட்டும், வாசற்கதவு உப்பி மூடாது, புருஷன் பெண்டாட்டிச் சண்டை அதிகமாகும். கீழே ஒன்றுமே தெரியவில்லை.

“ஆஹா! என்ன அழகு!” என்றார் ஈவோ.

“எதுடா?”

ஈவோ தேடினார். “அதோ… அந்தச் சாம்பல் நிறம்.”

“எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்று தூண்டில் போட்டார் ஜெரோலமோ. “கண்ணுக்குக் குளிர்ச்சி.”

ஈவோவின் முகம் தொங்கிப்போனது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு கரகரத்த குரலில் கேட்டார்: “இதையெல்லாம் விட்டுட்டு எவனாவது போவானாடா?”

ஜெரோலமோ படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகிறவன்தான் இப்படிப் பேசுவான். கல்யாண வீட்டில் அழுகிற பெண்ணைப் போல, அழுதுகொண்டே வண்டி ஏறிவிடுவான்.

இறங்கும்போது குறுக்கு வழி என்று சொல்லி பழைய ஊரின் சந்துகளுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராகிவிட வேண்டிய சந்துகள். இங்கே எலி, குப்பை, சாக்கடை என்று திட்டுவதற்குக் குறைவில்லை. ஜெரோலமோ நம்பிக்கையோடு முன்னே நடந்தார். நம்பிக்கையைக் காப்பாற்றுவதுபோல, ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ தரை துடைத்த தண்ணீரை ஒரு வாளி கவிழ்த்தார்கள். அது அப்படியே ஈவோவின் தலையில் இறங்கியது.

ஜெரோலமோ கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கும்பிடாத குறைதான். இப்போது வரப்போகிற வசவு கோர்சிகா தீவுவரை கேட்கும்.

“நன்றிம்மா!” என்று மேலே பார்த்துக் கத்தினார் ஈவோ. “புழுக்கத்துக்கு இதமா இருக்கு!”

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. “ஐயையோ, மன்னிச்சுக்குங்க ஐயா… அடிகிடி பட்டுருச்சா?”

“இல்லம்மா, ரொம்ப சுகம்!”

அந்தப் பெண் சற்று யோசித்தாள். “நீங்க வெளியூரா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஜெரோலமோவின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது, தனக்குத்தான் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி இருந்தது. துறைமுகத்தின் ஓரத்தில், வெள்ளைக் கப்பல்காரர்களுக்காக மட்டும் நடக்கிற ஓர் உணவகம். அங்கே பெஸ்தோவில் பாலாடை கலக்கிறார்கள் என்று கேள்வி. துளசி, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், எண்ணெய். இவற்றை அரைத்த பச்சைத் துவையல், இவ்வளவுதான் பெஸ்தோ. அதில் பாலாடையை ஊற்றுகிறவனை ஜெனோவாவில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள்.

தட்டு வந்தது. பச்சை, வெளிறிப்போய், நோயாளிபோல இருந்தது.

“சாப்பிடு,” என்றார் ஜெரோலமோ. தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, செத்துப்போன தாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாய் கூசாமல் சொன்னார்: “எங்க அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குடா.”

ஈவோவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெரோலமோவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது.

திட்டு, திட்டு, திட்டுடா என்று ஜெரோலமோவின் மனம் அடித்துக்கொண்டது.

ஈவோ தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஒரு ரொட்டித் துண்டால் மிச்சத்தையும் துடைத்தெடுத்தார். பரிசாரகனைக் கூப்பிட்டு, “தம்பி, இன்னொரு தட்டு கொண்டாப்பா,” என்றார். குரல் உடைந்திருந்தது.

அதற்கு மேல் ஜெரோலமோவிடம் சரக்கு இல்லை. இருவரும் கடலோரமாக நடந்தார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் அந்த அசிங்கமான மேம்பாலத்தின் அடியில் போனார்கள். கட்டிய நாளிலிருந்து அதைப் பார்த்துக் காறித் துப்பாமல் ஈவோ கடந்ததில்லை. இன்றைக்கு அண்ணாந்து பார்த்து, “நிழலா இருக்கு,” என்றார்.

தங்கள் பழைய இழுவைப் படகு கட்டிக் கிடந்த இடத்தில் வந்து நின்றார்கள். அங்கே இப்போது யாரோ பணக்காரனின் உல்லாசப் படகு. ஜெரோலமோ வடம் கட்டும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்தார். ஈர முதுகோடு ஈவோவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஜெரோலமோ.”

“ம்.”

“நீ நல்ல சிநேகிதன்டா.”

நாற்பது வருடத்தில் ஈவோ அவரைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறார், துருப்பிடிச்சவனே என்று கூப்பிட்டிருக்கிறார், ஜெரோலமோவின் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் வைத்து அதைவிட மோசமாகவும் ஒன்று சொல்லியிருக்கிறார். நல்ல சிநேகிதன் என்று சொன்னதே இல்லை. அப்படியெல்லாம் சவப்பெட்டி மூடுகிறபோதுதான் சொல்வார்கள். ஜெரோலமோ முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. எழுபத்தோரு வயதில், பட்டப்பகலில், சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதார். ‘போகாதேடா’ என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஜெனோவாக்காரனின் நாக்கு அது, வெளியே விடவில்லை.

“காத்து உப்பா இருக்கு,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஆமா. நல்ல உப்பு,” என்றார் ஈவோ, அவரும் மூக்கை உறிஞ்சியபடி.

இருட்டுவதற்கு முன் எர்மினாவின் கடைக்குப் போனார்கள். ஞாயிறு தவிர்த்து எல்லாச் சாயங்காலமும் இருவரும் சீட்டாடும் கடை அது. எர்மினாவுக்கு வாய் நீளம், மனது தங்கம். அவளுடைய ஒயின் மட்டும் சுமார். ஈவோ நேரே பின்கட்டுக்குச் சட்டையைப் பிழிந்துகொண்டு வரப் போனார். போகிற போக்கில், “எர்மினா, உன் கடை சொர்க்கம்!” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஜெரோலமோ நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“கேட்டியா எர்மினா? காலையிலேருந்து இதே கதைதான். நான் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். காய்ஞ்ச ரொட்டி தின்ன வச்சேன், படியேற வச்சேன், பாலாடை போட்ட பெஸ்தோவைக்கூட ரெண்டு தட்டு தின்னுட்டான். ஒரு முணுமுணுப்பு இல்ல. முடிஞ்சுது. ஈவோ ஊரை விட்டுப் போகப்போறான். என்கிட்ட சொல்ல மனசு வராம ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான்.”

எர்மினா கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியை மேசைமேல் எறிந்தாள்.

“யோவ், சனிக்கிழமை நீ பல்லைப் பிடுங்கிக்கிட்டு வந்து, ‘ஈவோகிட்டச் சொல்லாதே, கேலி பண்ணியே கொன்னுடுவான்’னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டு, ராத்திரிவரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்லாம வாயை மூடிக்கிட்டு சீட்டாடிட்டுப் போனே பாரு, நீ போனதுமே ஈவோ இங்க உக்காந்து, ‘ஜெரோலமோ மகன்கிட்டப் போகப்போறான் எர்மினா, திங்கக்கிழமை ஊரையெல்லாம் சுத்திக் காட்டி, எதையும் குறை சொல்லாம, எப்படியாவது அவனை நிறுத்திப்புடணும்’னு ஓன்னு அழுதுட்டுப் போனான்யா!”