உளுந்தின் மேல் ஆறாவது சுற்று

நான் ஒரு கோழை. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கோவில்பட்டி நீதிமன்றத்திலேயே பதிவான சங்கதியை உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது என்ன? ஒரு மனுஷியின் காலை ஸ்கூட்டரால் உடைத்துவிட்டு, "உடைத்தது நானில்லை, என் வீட்டுக்காரர்" என்று போலீசிடம் சொன்னவள் நான். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கணேசன், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலையில் இருந்தார். (பாவம், அவர் வண்டி ஓட்டியது அவருக்கே தெரியாது.)

பார்சல் போடும் வேலையில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். லைசென்ஸ் அவருடையது, ஸ்கூட்டர் அவருடையது, கம்பெனி கொடுத்த ஐடியும் அவர் பெயரில். ஆறு மாதத்தில் தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும் அவர் அங்கே போய்விட்டார். நல்ல ஐடியை வீணாக்குவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் செல்போன் முகம் கேட்கும். பல் தேய்த்துக்கொண்டிருப்பவரைக் கொல்லைப்புறத்தில் பிடித்து முகத்தைக் காட்டச் செய்துவிட்டு, போனோடு நான் கிளம்பிவிடுவேன். கோவில்பட்டியில் பாதிப் பேர் இப்படி அண்ணன் ஐடியில், மச்சான் ஐடியில் ஓட்டுகிறவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு லைசென்ஸாவது இருந்தது. எனக்கு வெறும் எல்.எல்.ஆர். எட்டுப் போடும்போது இரண்டு முறை காலை ஊன்றி, இரண்டு முறையும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான்.

பார்சல் கம்பெனியில் வேலைக்காரர் என்று யாருமே கிடையாது. எல்லோரும் 'பார்ட்னர்'. இந்த வார்த்தை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. (பார்ட்னராம்ல! சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

தை மாதம். நாகலாபுரம் தாண்டி ஒரு ஊருக்கு பார்சல் கொண்டுபோனேன். அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தார் ரோடுதான் களம். உளுந்தஞ்செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, ரோட்டின் குறுக்கே பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, டிராக்டர் எது ஏறினாலும் நெற்று உடைந்து உளுந்து உதிரும். வெளியூர்க்காரர்கள் எரிச்சலோடு ஒதுங்கிப் போவார்கள். நாங்கள் அப்படிப் போகமாட்டோம். காயப்போட்டவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒதுங்கிப் போவது மரியாதைக் குறைச்சல். நடுவில் ஏற்றித்தான் போக வேண்டும்.

பார்சல் பேச்சியம்மாக்காவுக்கு. அடிக்கடி பார்சல் கொண்டுபோய் எனக்குப் பழக்கமானவர். ஐம்பது வயது, புருஷன் இல்லை, ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இரண்டு குறுக்கம் (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தனியாளாக வெள்ளாமை செய்கிறவர். ரோட்டில் உளுந்தைப் பரப்பிக் கம்பால் புரட்டிக்கொண்டு நின்றார். மகன் அனுப்பிய பார்சலில் இருந்தது முழங்கால் வலிக்குப் போடுகிற பெல்ட். (சிரிக்காதீர்கள். நான் இன்றுவரை சிரிக்கவில்லை.)

பார்சலை வாங்கிக்கொண்டு அக்கா கேட்டார்: "ஏட்டி செல்வி, இன்னிக்குப் பஸ்ஸும் வரல, ஒண்ணும் வரல. பின்னால இம்புட்டு மூட்டை வச்சிருக்கியே, நல்ல கனமாத்தான இருக்கும்? உளுந்து மேல ரெண்டு சுத்து போட்டுட்டுப் போயேன்."

போட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணாகப் பிறந்த எவளும் மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டாள். போய்த் திரும்பினேன், மறுபடி போய்த் திரும்பினேன். நெற்று பொடபொடவென்று உடைகிற சத்தம் கேட்க சுகமாக இருந்தது. ஆறாவது சுற்றில் திரும்பும்போது பின்சக்கரம் உளுந்தில் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்றில் வண்டிதான் அக்காவின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் வந்து, அக்காவைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏட்டையா நோட்டோடு வந்தார்.

"வண்டி யாருதும்மா?"

"எங்க வீட்டுக்காரவியளுது."

"லைசென்ஸ்?"

"அவிய கிட்ட இருக்கு சார்."

"அப்ப அவருதான் ஓட்டினாரா?"

"ஆமா சார். நான் பின்னால உக்காந்து வந்தேன்."

"ஆள எங்க?"

"டீ வாங்கப் போயிருக்காவ."

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, நீங்க ஒரு ஆக்சிடெண்ட் பண்ணிட்டீங்க."

"நானா? எப்பம்?"

"பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கு நான் கம்பெனியில வடை தின்னுட்டு இருந்தேனேட்டி!"

"அத யார்கிட்டயும் சொல்லிராதீங்க. டீ வாங்கிட்டு சீக்கிரம் வாங்க."

வந்தார். கையில் டீ பார்சலோடு, முகத்தில் ஈயாடாமல் வந்து நின்றார். ஏட்டையா எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஸ்டிரெச்சரில் படுத்தபடி எல்லாவற்றையும் பேச்சியம்மாக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னை அருகில் கூப்பிட்டு, "ஏட்டி, உளுந்து ரோட்டுலயே கெடக்கே, ஆடு மேஞ்சிராது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பார்சல் கம்பெனி இன்சார்ஜிடம் போனேன். வீட்டுக்காரர் ஐடியில் நான் ஓட்டுவது அவருக்குத் தெரிந்த சங்கதிதான். பார்ட்னர் அல்லவா, ஏதாவது செய்வார்கள் என்று ஒரு நப்பாசை. அவர் கம்ப்யூட்டரில் ஒரு மேப்பைக் காட்டினார். கோவில்பட்டியிலிருந்து ஒழுங்காகப் போன கோடு, நாகலாபுரம் தாண்டி ஒரே இடத்தில் கிறுக்கலாகக் கிடந்தது.

"இங்க பாருங்க மேடம். டெலிவரி முடிஞ்சு போச்சுன்னு நீங்களே அமுக்கிட்டீங்க. அதுக்கப்புறம் ஆறு தடவை போயிட்டுப் போயிட்டு வந்திருக்கு. இது எங்க வேலை இல்லையே. என்ன செஞ்சீங்க அங்க?"

உளுந்து அடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"எப்படிப் பார்த்தாலும் நீங்க எங்க ஸ்டாஃப் கிடையாது. பார்ட்னர். ஆக்சிடெண்ட்டுக்கு பார்ட்னர்தான் பொறுப்பு, சேரும்போதே உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். அன்று சாயங்காலமே ஐடியை முடக்கிவிட்டார்கள். அதே நாளில் பேச்சியம்மாக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது: டெலிவரி எப்படி இருந்தது, எத்தனை ஸ்டார் கொடுக்கிறீர்கள் என்று.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஆனால் இனிமேல் குனிந்து நிமிரவோ குத்தவைக்கவோ முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். களை எடுக்கவும் செடி பிடுங்கவும் முடியாதவருக்கு வெள்ளாமை ஏது? நஷ்டஈடு ஒன்றுதான் அவருக்கு மிச்சம். மகன் வந்து ஒரு வக்கீலைப் பிடித்தான். வண்டி ஓனர் என்று என் வீட்டுக்காரர் மேல், இன்சூரன்ஸ் மேல், பார்சல் கம்பெனி மேல் என மூன்று பேர் மேலும் வழக்குப் போட்டார் வக்கீல்.

அக்காவையும் என்னையும் எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "ஓட்டினவர் அஜாக்கிரதையா ஓட்டினார்னு நிரூபிச்சாத்தான் இந்தம்மாவுக்குப் பணம் வரும். இந்தம்மாதான் சுத்தச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா கேஸ் படுத்துரும். சுத்துன கதையைப் பத்தி ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது."

"சரிங்கய்யா" என்றார் அக்கா. நான் தலையைத் தலையை ஆட்டினேன். என் பொய்க்கு மேல் இன்னொரு பொய்யை ஏற்ற எனக்கு என்ன கஷ்டம்?

இரண்டு வருடம் இழுத்தது. அக்கா கூண்டில் ஏறின நாளில், என் வீட்டுக்காரர் தேய்த்த சட்டையோடு, செய்யாத குற்றத்துக்கு ஏற்ற முகத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி பெஞ்சில் ஒரு தூணுக்குப் பின்னால். தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தபடியே பதில் சொன்னார். அடுத்து இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நட்ட நடுப்பகல். எதிர்ல ஆள் நிக்கிறது தெரிஞ்சும் மேல ஏத்தினார்னு சொல்றீங்க. ஓட்டினவர் குடிச்சிருந்தாரா?"

அக்காவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "யாரப் பாத்து குடிச்சிருந்தியான்னு கேக்குதீங்க? அந்தா தூணுக்குப் பின்னால இருக்கா பாருங்க, செல்வி. அவளப் பாத்தா குடிக்கிறவளாட்டமா தெரியுது?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அக்காவின் வக்கீல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஓட்டினது இவர் இல்லையா?"

"இவியள அன்னிக்கு ஆஸ்பத்திரியிலதான் நான் மொதல்ல பாத்தேன். டீ வாங்கிட்டு வந்தாவ. பாவம், வாயில்லாப் பூச்சி. ஓட்டுனது அவதான். அவ மேல ஒரு தப்பும் கெடையாது சாமி. பஸ் வரல, உளுந்த சுத்தி அடிச்சிட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். வீணா அந்தப் புள்ளயச் சொல்லாதீங்க!"

முடிந்தது கதை. அந்த ஒரு நிமிஷத்தில், எனக்காகப் பரிந்து பேசி, தன் காலுக்கு வரவேண்டிய நஷ்டஈட்டைத் தன் வாயாலேயே தொலைத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷி. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. எழுந்து கத்தினேன்:

"பொய் சொல்லுதாவ! நம்பாதீங்க! தப்பு என் மேலதான்!"

"நீ சும்மா இருட்டி" என்றார் அக்கா கூண்டிலிருந்து.

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? அஞ்சு சுத்து முடிஞ்சதும் நீங்க என்ன சொன்னிய? போதும் புள்ள, நீ கெளம்புன்னு சொன்னியளா இல்லையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். (இதை உங்களிடமும் நான் மேலே சொல்லவில்லை. கோழை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே.) ஆமாம், ஆறாவது சுற்றை யாரும் கேட்கவில்லை. 'இன்னும் இத்தனை பார்சல் பாக்கி' என்று போன் வேறு கத்திக்கொண்டிருந்தது. போகிற போக்கில் ஒரு சுற்று வேகமாகப் போட்டுக் காட்டுவோம், அக்கா அசந்துபோகட்டும் என்று முறுக்கினேன். வெறும் ஜம்பம். அந்த ஜம்பத்தில்தான் அவர் கால் போனது.

"சரி சரி, உனக்கு நேரமாச்சுன்னுதான வெரசா வந்த? அதுல என்ன தப்பு?" என்று அக்கா விடாமல் மல்லுக்கு நின்றார். "தப்புதான்! ஆளப் பாத்துட்டும் முறுக்கினேன்!" என்று நான் அழுதுகொண்டே பதிலுக்குக் கத்தினேன். நீதிபதி மேஜையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. இதுல யார் யார் மேல வழக்குப் போட்டிருக்கீங்கன்னு முதல்ல எனக்குச் சொல்லுங்க."

பிறகு என்னை முறைப்படி கூண்டில் ஏற்றி, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்தது. பொது ரோட்டில் உளுந்து பரப்பியதற்காகக் கொஞ்சம் பொறுப்பு அக்கா தலையில். மீதி என் தலையில். ஓட்டியவளுக்கு லைசென்ஸ் இல்லாததால், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் முதலில் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பார்சல் கம்பெனிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று விடுவித்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் பங்குள்ள என் பார்ட்னர், எதிலும் பங்கில்லாமல் வெளியே போனார். போலீசில் பொய் சொன்னதற்கு எங்கள் இருவருக்கும் தனியாக அபராதம். வண்டியை ஓட்டவே ஓட்டாத மனுஷனின் சம்பளத்தில் மூன்று வருடம் பிடித்தம் போனது. அந்த மூன்று வருடமும் கம்பெனியில் அவருக்குப் பெயர் 'டீ வாங்கப் போனவர்'. மாமியார் வீட்டு விசேஷங்களில் யாராவது டீ கேட்டால் போதும், "கணேசனை அனுப்பாதீங்கப்பா, கேஸ் ஆயிரும்" என்று இன்றும் ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அக்காவுக்குப் பணம் வந்தது, கால் வரவில்லை. நிலத்தில் ஒரு குறுக்கத்தை விட்டுவிட்டார். மீதியைக் கூலியாள் வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு தையிலும் நான் இப்போது பார்க்கிற வேலையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய், ரோட்டில் உளுந்து காய்கிற இடத்துக்கு முன்னால் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிற வண்டியெல்லாம் மெதுவாக ஏறிப் போகும். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நின்று பேசுகிற ஒவ்வொரு டிரைவருக்கும் என்னை அறிமுகப்படுத்துவார். "இவ யாரு தெரியுமா அண்ணாச்சி? என் காலை ஒடிச்ச புள்ள." அதில் கோபத்தின் வாடைகூட இருக்காது. இருந்தால் எனக்குத் தாங்கும்.

இந்தத் தையில் ஒரு புது கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க மகளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லய்யா, என் காலை ஒடிச்ச புள்ள" என்றார் அக்கா வழக்கம்போல. பஸ் உளுந்தின் மேல் மெதுவாக ஏறி இறங்கியது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னார்:

"நான் பெத்த மவன் ஒரு அறுப்புக்கும் எட்டிப் பாத்ததில்ல. காலை ஒடிச்சவ ஒரு வருசமும் தப்பினதில்ல. அவனும் என் காலை ஒடிச்சிருந்தா வந்திருப்பானோ என்னவோ."