தாட்சாயிணியை உடனே வந்து அழைத்துப் போகவும்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் சுந்தரேஷ் அவர்களுக்கு முருகவேல் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் அருளால் இங்கு நானும் தங்கள் தமக்கை உண்ணாமுலையும் நலம் என்றுதான் எழுத வேண்டும். நலமா இல்லையா என்பதைத் தங்கள் மகள் மெஷின் வைத்து அளந்துவிட்டதால் அந்த வரியை இம்முறை விட்டுவிடுகிறேன்.

தாட்சாயிணி ஒரு மாதம் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்யட்டும் என்று தாங்கள் போனில் சொன்னபோது சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். சிறைவாசம் சமூகத்தையும் உடல்நலத்தையும் என்ன செய்கிறது என்பது தலைப்பு என்றதும் பெருமையாகவும் இருந்தது. மத்திய சிறையில் முப்பத்தொரு வருடம் வார்டராக இருந்தவன் வீட்டிலேயே இருக்கும்போது அந்தப் பெண் வேறெங்கே போக வேண்டும்? முதல் நாளே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, ஒரு சிறையை எப்படி நடத்த வேண்டும் என்று இரண்டு மணி நேரம் விளக்கினேன். அவள் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில், "மாமா, நீங்க எப்படித் தூங்குறீங்க? நடுவுல எழுந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து உன் அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"மூணு தடவை எழுந்து பூட்டை இழுத்துப் பாக்கறாரு. சாயங்காலம் ஆறு மணியானா வீட்ல இருக்கறவங்கள எண்றாரு. இருக்கறது நாங்க ரெண்டே பேரு. ரெண்டுனு எண்ணிட்டு, சரினு சொல்லுவாரு. ரிடயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு."

இதை மட்டும் உன் மகள் இரண்டு பக்கம் எழுதினாள்.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். போன சனிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவரைப் பேட்டிக்கு வரச்சொல்லியிருந்தாள். மனைவியோடு வந்தார். பார்த்தால் மொஹ்சின். அடிதடி வழக்கில் ஏழு வருடம் என் பிளாக்கில் இருந்தவர், இப்போது பைக் மெக்கானிக். என்னைப் பார்த்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். நான் என்னை அறியாமல், "ஒண்ணு" என்றேன். பெண்கள் மூவரும் கூடத்துக்குப் போய்விட, நாங்கள் இருவரும் அறைக்குள் இருந்தோம். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. காபி ஆறுகிறது என்று வெளியிலிருந்து குரல் வருகிறது. யார் திறப்பது? மொஹ்சின் கதவு முன்னால் போய் நின்றாரே தவிர கையை வைக்கவில்லை. நானோ இடுப்பில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். உண்ணாமுலை வந்து ஒரு விரலால் கதவைத் தள்ளி, "தாழ்ப்பாளே போடலயே. ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?" என்றாள். மொஹ்சினின் மனைவி மெஹ்ருன்னிசா புரை ஏறும்வரை சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கதைதான்க்கா. பாத்ரூம் கதவைக்கூட நான்தான் போய்த் திறக்கணும்" என்றார்.

பிறகு உன் மகள் அந்த மெஷினை எடுத்தாள். மொஹ்சினுக்கு ரத்த அழுத்தம் நூற்று இருபது. மெஹ்ருன்னிசாவுக்கு நூற்று ஐம்பது. எனக்கு நூற்று அறுபது. குற்றம் செய்தவனுக்கு நார்மல், காவல் காத்தவனுக்கு ஜாஸ்தி, இதென்ன நியாயம் என்று கேட்டேன். உண்ணாமுலைக்கு நூற்றெண்பத்து நாலு வந்ததும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

"இது புதுசு இல்ல, மாமா. உள்ள போனவரை விட வெளிய காத்திருக்கிற வீட்டுக்காரங்களுக்குத்தான் பல சமயம் ஜாஸ்தி" என்றாள் தாட்சாயிணி. "ஆனா உங்க அத்தை யாருக்கும் காத்திருக்கலயே" என்றேன். மெஹ்ருன்னிசா உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று பௌர்ணமி. மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் உண்ணாமுலை வெளியே போயிருக்கிறாள். ஆறு மணிக்கு எண்ணினேன், ஒன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். உன் மகள் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள், அப்போதும் ஒருத்தி குறைகிறாள். போன் போட்டால், "அடி அண்ணாமலைல கரும்பு ஜூஸ் குடிச்சிட்டிருக்கேன்" என்கிறாள், கிரிவலம் வந்தவள். இந்த ஊரில் குடியேறிய நாளிலிருந்து அந்தப் பௌர்ணமிக் கூட்டத்துக்குள் நான் அவளை அனுப்பியதில்லை. ஆட்டோவைப் பாதி வழியில் போலீஸார் நிறுத்திவிட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஜூஸ் கடை பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டு வரக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றாள். குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் சிறை மணி அடித்ததும் தானும் எழுந்து விளக்கு போட்டதை, அது தனக்கு அடிக்கிற மணி இல்லை என்று யாரும் சொல்லாததை அங்கேதான் சொன்னாள். குறை சொல்வது போலவே இல்லை. மிச்ச தூரம் சேர்ந்தே நடந்தோம். முன்னும் பின்னும் லட்சம் தலைகள். எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகையால் மைத்துனரே, ஒரு மாதத்துக்குள் ஒரு குடும்பத்தையே இப்படிக் கலைத்துப்போட்ட உன் மகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து அழைத்துப் போகவும். சாக்குப்போக்கு வேண்டாம். உன் மனைவி காமேஸ்வரிக்கு எங்கள் ஆசிகள். எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கவும், ரத்த அழுத்தம் கம்மியாக இருக்கவும் உண்ணாமுலையம்மனை வேண்டும்,

உன் அக்கா புருஷன்
முருகவேல்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வா, ஆனால் அழைத்துப் போக அல்ல. தாட்சாயிணிக்கு ஓய்வுபெற்ற வார்டர்கள் இன்னும் பத்துப் பேராவது வேண்டுமாம், யாரும் பேச முன்வரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் நானே பதினான்கு பேருக்குப் போன் போட்டேன். பதினொரு பேர் சம்சாரத்தோடு சாப்பாட்டுக்கு வருகிறார்கள். இன்னும் ஆறு மாதமாவது அவள் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும். வரும்போது உங்கள் வீட்டுப் பெரிய குண்டானைக் கொண்டு வரவும். பந்தியில் முதலில் பெண்கள் உட்காருகிறார்கள், பரிமாற ஆள் போதவில்லை.