நிதி நலம் பெற

"நிதிக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி?"

மீனவக் கிராமமான பிள்ளைச்சாவடியில், சமுதாயக் கூடத்து வாசலில் ஸ்டூல் மேல் ஏறி பேனர் கட்டிக்கொண்டிருந்த செல்வகுமார் குனிந்து பார்த்தான். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பாக்யலட்சுமி. இடுப்பில் காலி அன்னக்கூடை, முகத்தில் கவலை.

செல்வகுமாருக்கு நெஞ்சே குளிர்ந்துவிட்டது. மீன் விற்கும் பெண்களுக்குச் சேமிப்பும் வரவு செலவும் சொல்லித் தருகிற 'நிதி நலம்' திட்டத்துக்கு அவன்தான் பொறுப்பு. வகுப்புக்கு விரிக்கிற பாயில் பாதிகூட ஒருநாளும் நிரம்பியதில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் சென்னை அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் இன்று நேரில் பார்க்க வருகிறார். கூடம் காலியாகக் கிடந்தால் திட்டத்துக்கு மூடுவிழா. அவன் வேலைக்கும் சேர்த்துத்தான். இந்த நேரத்தில் ஒருத்தியாவது நிதியைப் பற்றி விசாரிக்கிறாளே!

"ரொம்ப மோசம்க்கா," என்றான். "இந்த மாசம் தாண்டுமான்னே தெரியல."

"அய்யய்யோ! ஒண்ணும் பண்ண முடியாதா?"

"சென்னையிலேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. அவங்க பாத்துட்டுச் சொல்லணும். அவங்களும் கைய விரிச்சுட்டா அவ்ளோதான்."

பாக்யலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுருக்குப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, "என்னால முடிஞ்சது தம்பி," என்று விறுவிறுவென உள்ளே போய்விட்டாள்.

வகுப்புக்குக் கட்டணம் கிடையாதே? அவன் யோசித்து முடிப்பதற்குள் இன்னொரு மீன்காரி தனம் வந்து நின்றாள். கையில் விபூதிப் பொட்டலம்.

"நிதிக்கு எத்தினி வருசம் ஆவுது?"

"ரெண்டு வருசம் முடியப் போவுதுக்கா."

"ரெண்டு வயசுப் பச்சப் புள்ளைக்கா இந்தக் கதி!"

"பச்சப் புள்ளையா?"

தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். பிறகு தெருவே வந்தது. யாரோ பாக்யலட்சுமியின் அன்னக்கூடையைக் கூடத்து நடுவில் வைக்க, ஆளாளுக்கு அதில் காசு போட்டார்கள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்திருந்தாள், இன்னொருத்தி கோயில் கயிறு.

செல்வகுமார் தான் கட்டிய பேனரை நிமிர்ந்து பார்த்தான். 'நிதி நலம் பெற ஒன்றுகூடுவோம்!' எழுத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஒரு குழந்தைப் படத்தை வேறு போட்டிருந்தார்.

அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. உள்ளே ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"அக்கா, எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நிதின்னு ஒரு கொழந்தையே இல்ல!"

கூடையில் காசு போட நீண்ட கைகள் அப்படியே நின்றன.

"இல்லியா?" என்றாள் பாக்யலட்சுமி. "எப்ப? இப்பத்தானே இந்த மாசம் தாண்டுமான்னு சொன்ன?"

தனம் மாரில் அடித்துக்கொண்டாள். அடுத்த நொடி கூடம் முழுக்க ஒப்பாரி.

"ஐயோ, அழாதீங்க! நிதி இருக்கு! இன்னும் நிக்கல, இருக்கு!"

"மூச்சு இன்னும் நிக்கலியாம்!" என்று ஒரு குரல் வாசல் வரை ஓடியது.

கூடத்தைப் பெருக்கி, வகுப்புக்கு வீடு வீடாக ஆள் கூப்பிடுகிற அஞ்சலாட்சி மட்டும் மூலையில் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வகுமார் அவளிடம் ஓடினான்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கக்கா!"

"நா இன்னாத்தச் சொல்றது தம்பி? பாவம், சின்ன உசுரு."

அதற்குள் ஊர்த் தலைவர் பஞ்சநாதன் கரையிலிருந்து ஓடிவந்தார். "புள்ளயத் தூக்குங்கடா! ஆஸ்பத்திரிக்குப் போவ ஐஸ் வண்டி ரெடியா நிக்குது!"

அந்த ஐஸ் வண்டி ரிவர்ஸில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் சென்னைக் காரும் வந்து சேர்ந்தது. அதிகாரி சிவசங்கரி வண்டிக்கும் சுவருக்கும் நடுவே புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். மூக்கைச் சிந்தும் ஊரையும், காசு நிரம்பிய கூடையையும், மைக்கைக் கட்டிப்பிடித்து நிற்கும் செல்வகுமாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் அழறீங்க?"

செல்வகுமார் வாயைத் திறப்பதற்குள் பாக்யலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிதி போயிடக் கூடாது மேடம்! நீங்கதான் காப்பாத்தணும்! எங்களால ஆனதப் போட்டுட்டோம். மிச்சம் உங்க கையிலதான் இருக்கு!"

சிவசங்கரி அந்தக் கூடையை இன்னொரு முறை பார்த்தார்.

"எத்தனையோ ஊர்ல நிதி கொடுத்திருக்கோம்," என்றார். "நிதி நின்னுடுமோன்னு அழற ஊரை நான் பார்த்ததே இல்ல. அதுவும் சொந்தக் காசைப் போட்டு! கவலைப்படாதீங்க. நிதி இன்னும் மூணு வருஷம் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"மூணு வருசந்தானா?" தனம் மறுபடி மாரில் கைவைத்தாள்.

"சரி சரி, அஞ்சு வருஷம்!" என்று பதறிப்போய்ச் சொன்னார் சிவசங்கரி.

"அஞ்சுக்கு மேல மாரியாத்தா பாத்துக்குவா," என்று பஞ்சநாதன் கும்பிட்டார்.

"இந்தக் காசு உங்க ஊர்க் காசு," என்று கூடையைக் காட்டிச் சொன்னார் சிவசங்கரி. "உங்க பேர்லயே பேங்க்ல போடுங்க. எந்த வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு முடியலன்னாலும் எடுத்துக்கலாம்."

அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. கணக்கை நிதி பெயரிலேயே தொடங்க வேண்டும் என்று பாக்யலட்சுமி அடம்பிடித்தாள். மாதாமாதம் இவ்வளவு போடுவது என்றும் அங்கேயே பேசி முடித்தார்கள். எவ்வளவோ வகுப்பெடுத்தும் செல்வகுமாரால் செய்ய முடியாததை அரை மணியில் செய்துவிட்டு, ஊர் கலைந்து போனது. காரும் போனது.

செல்வகுமார் பாயில் தொப்பென்று உட்கார்ந்தான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை.

"எப்படிக்கா இப்படி ஆச்சு? ஃப்ளெக்ஸைப் பாத்தா இத்தனை பேரும் குழம்பிட்டாங்க?"

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி நிமிர்ந்தாள்.

"ஃப்ளெக்ஸ யாரு படிச்சா தம்பி? காசு சேக்கக் கத்துக் குடுக்கறாங்கன்னு கூப்டா ஒருத்தியும் வரமாட்டேங்கறாளேன்னு, நேத்தே வீட்டுக்கு வீடு போயி நிதிக்கு முடியலன்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன்!"